எங்கே ஒழுகுகிறது?

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள சேது,

அன்றைக்குப் போனில் "கால்தான், இப்போது தேவலை" என்று முடித்துக்கொண்டேன். பேரன் பக்கத்தில் இருந்தான், பயந்துவிடுவான். முழுக்கதை இதோ.

போன மாதம் மூன்று நாள் விடாத வயிற்றுப்போக்கு. மழைக்காலத்தில் இந்த ஊரில் இது சகஜம் என்று மோரும் கஞ்சியுமாக ஓட்டினேன். நான்காம் நாள் தாதர் பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பி, ஸ்டேஷன் பாலத்தில் ஏழெட்டுப் படி ஏறியிருப்பேன், இரண்டு தொடையும் ஈரத்துணி மாதிரி துவண்டுவிட்டன. கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தேன். வலி கிடையாது, பலம்தான் இல்லை.

டாக்டரிடம் போனேன். தசைக்கும் இதயத்துக்கும் பலம் தரும் பொட்டாசியம் என்ற உப்பு ரத்தத்தில் 2.7தான். இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை. ஈசிஜியிலும் மாற்றம் தெரியவே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். "தினம் வாழைப்பழம் சாப்பிடுகிறேனே டாக்டர்!" என்றேன். "உள்ளே போவது இருக்கட்டும், எங்கே ஒழுகுகிறது?" என்றார். ஒழுகியது இரண்டு இடத்தில். ஒன்று வயிறு. இன்னொன்று, நான்கு வருஷமாக விழுங்கும் பிரஷர் மாத்திரை. அதில் குளோர்தாலிடோன் என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. நீர் பிரிக்கிற மருந்து, உப்போடு பொட்டாசியத்தையும் சிறுநீரில் தள்ளிவிடும்.

பொட்டாசியம் டிரிப் ஏறிய கை திகுதிகு என்று எரிந்தது. சீக்கிரம் முடியட்டுமே, வேகமாக விடுங்கள் என்று கேட்டேன். நர்ஸ் முறைத்த முறைப்பு இருக்கிறதே! மணிக்கு 10 மில்லிமோல்தான் வழக்கமாம், மளமளவென்று ஏற்றினால் இதயமே நின்றுவிடுமாம். அப்படியும் அளவு ஏறவில்லை. பிறகுதான் மெக்னீசியம் பார்த்தார்கள், அதுவும் குறைவு. அதைச் சரிசெய்யாமல் பொட்டாசியம் உடம்பில் தங்காதாம். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாரம் பொட்டாசியம் சிரப். தண்ணீரில் கலந்து குடித்தாலும் உப்பும் கசப்புமாக... வேப்பெண்ணெயே தேவலை.

சரி, இவ்வளவும் எழுதியது உனக்காகத்தான். நீயும் பிரஷர் மாத்திரை போடுகிறாய். அட்டையைத் திருப்பிப் பார். குளோர்தாலிடோனோ, அதே வகையான ஹைட்ரோகுளோரோதயசைடோ இருந்தால், நீயாக நிறுத்தாதே, டாக்டரிடம் கேட்டு ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றும் பரிசோதித்துவிடு. அப்புறம், கிட்னி கோளாறு உள்ள உன் அண்ணனுக்கு இளநீர் வாங்கிக்கொண்டு போகாதே. அவருக்கு ஆபத்து எதிர்ப்பக்கம், பொட்டாசியம் ஏறிவிடும்.

எனக்கு மாத்திரையை மாற்றிவிட்டார்கள். நேற்று அதே பாலத்தில் நிற்காமல் ஏறி தாதர் போய், கனகாம்பரம் வாங்கி வந்தேன். முழம் விலையை மட்டும் கேட்காதே.

ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு.

உன்,
வைத்தி