மூணேமுக்கால் வட்டி என்று சொல்லுங்கள், ஐயா

இராமநாதபுரம் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்டத்து வங்கிகளையெல்லாம் ஒருங்கிணைக்கிறவர் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். ராமேஸ்வரம் தீவில் உள்ள மீனவ ஊரான தங்கச்சிமடத்தில் ஒரு ஜெராக்ஸ் மிஷினையும் இரண்டு கம்ப்யூட்டரையும் வைத்துப் பிழைக்கிறவள் நான். ஆதார் திருத்தம், பட்டா நகல், நலவாரிய அட்டை என்று வந்துகொண்டிருந்த சனம், கொஞ்ச நாளாகக் கிரெடிட் கார்டு பில்லையும் தூக்கிக்கொண்டு வருகிறது. "ஏத்தா, இதை வாசிச்சுச் சொல்லு."

அப்படித்தான் கருவாட்டு வியாபாரம் பார்க்கிற ஒரு சின்னம்மா வந்தார். மகள் கல்யாணச் சீருக்குப் பீரோவும் வாஷிங் மிஷினும் கார்டில் தேய்த்து எடுத்திருக்கிறார். பில் 40,000 ரூபாய். கீழே 'மினிமம்' 2,000 என்று இருந்தது. அதைத் தவணை என்று நினைத்துக் கெடு தேதியன்று ஒழுங்காகக் கட்டிவிட்டார். அப்புறம் கார்டைத் தொடவே இல்லை. அடுத்த பில் 40,800 ரூபாயைத் தாண்டி வந்து நிற்கிறது. "கட்டுன ரெண்டாயிரம் எங்கத்தா போச்சு?"

கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தேன். கார்டின் வட்டி மாதம் 3.75 சதவீதம், வருடத்துக்கு 45. முழுத் தொகையையும் கட்டாவிட்டால் வட்டி கெடு தேதியிலிருந்து ஓடுவதில்லை, பொருள் வாங்கிய நாளிலிருந்தே ஓடுகிறது. அவர் வாங்கி 20 நாள் கழித்து முதல் பில், அதற்கு 20 நாள் கழித்துக் கெடு, இன்னும் 10 நாளில் அடுத்த பில். ஆக 50 நாள் வட்டி. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்து 2,800 ரூபாய்க்கு மேல். கட்டிய இரண்டாயிரத்தை அது விழுங்கி, மேலே எண்ணூறுக்கு மேலும் கேட்கிறது. இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. பாக்கி நிற்கும் வரை அந்தக் கார்டில் அரைக்கிலோ சீனி வாங்கினாலும் அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும்.

எங்கள் ஆட்களுக்குக் கடன் கணக்கு தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் இறாலைக் கிலோவுக்கு எவ்வளவு குறைத்து அவருக்கே போட வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். வங்கியில் நகையை வைத்தால் முக்கால் வட்டி, மிஞ்சினால் ஒரு வட்டி. வெளியே மூணு வட்டி, அஞ்சு வட்டி, ஆபத்துக்குப் பத்து வட்டி. நூற்றுக்கு மாதம் எத்தனை என்பதுதான் இங்கே பேச்சு. அந்தச் சின்னம்மாவிடம் "இது மூணேமுக்கால் வட்டி, ஜிஎஸ்டியோடு சேர்த்தா நாலரைக்குப் பக்கம்" என்றேன். ஒரு நிமிடம் பேசவில்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா வளையலை வச்சு வாங்கியிருப்பேனே" என்றார். கார்டு கொடுத்த பையன் 'வட்டியே இல்லை' என்றானாம். முழுசாகக் கட்டினால்தான் இல்லை என்கிற பாதியை அவன் சொல்லவில்லை. குறைந்தபட்சம் மட்டுமே கட்டிக்கொண்டு போனால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கை அந்தப் பில்லில் இருக்கத்தான் செய்தது. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.

நான் கார்டுக்கு விரோதி இல்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது. பில் போட்ட மறுநாள் டோனரும் பேப்பரும் வாங்கினால் 45 நாளுக்கு மேல் வட்டியில்லாமல் தள்ளலாம். கெடுவுக்கு முன்னால் ஒரு ரூபாய் பாக்கி வைக்காமல் கட்டிவிடுவேன். ஏடிஎம்மில் அதைச் சொருகவே மாட்டேன், காசாக எடுத்தால் கட்டணமும் உண்டு, முதல் நாளிலிருந்தே வட்டியும் உண்டு. ஆனால் எனக்குத் தினமும் கல்லாவில் சில்லறை விழுகிறது. விசைப்படகில் போகிறவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, கடலே கிடையாது. அதற்குள் இரண்டு பில் வந்துவிடும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயை நம்பி அரிசி வாங்குவாரா, கார்டுக்குக் கட்டுவாரா?

போன தடவை நடந்த நிதிக் கல்வி முகாமில் ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார்கள், காப்பீடு எடுங்கள் என்றார்கள். வேண்டியதுதான். கார்டு பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த முறை ஒரு பில்லைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டுங்கள். 'குறைந்தபட்சத் தொகை' என்ற இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, இது தவணை அல்ல என்று தமிழில் எழுதுங்கள். வட்டியை நூற்றுக்கு மாதம் இத்தனை என்று எழுதச் சொல்லி எல்லா வங்கிக் கிளைகளுக்கும் உங்கள் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள். பாக்கியைத் தீர்த்துவிட்டுக் கார்டை மூடச் சொல்லிக் கேட்டால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதி இருக்கிறதே, அதையும் அதே சுவரில் ஒட்டிவிடுங்கள்.

முகாமை ஏப்ரல் 15க்கு முன்னால் வையுங்கள், கையில் காசு இருக்கும்போதே. காலையில் வேண்டாம், பெண்கள் மீன் வேலையில் இருப்பார்கள். மூன்று மணிக்கு மேல் என்றால் நானே ஆள் கூட்டி வருகிறேன். அந்த பில்லின் நகல் என்னிடம் இருக்கிறது, பெயரை மறைத்துத் தரச் சின்னம்மா சம்மதித்துவிட்டார்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து ஜெராக்ஸ் கடைக்காரி