ஆண்டர்சனின் பதக்கங்களுக்குப் பக்கத்தில் நம் தோட்டத்து மக்களுக்கும் இடம் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

1942-இல் மூவார் வட்டாரத்தில் ஜப்பானியரோடு சண்டையிட்ட ஆஸ்திரேலியப் படை அதிகாரி லெப்டினன்ட் கர்னல் சார்லஸ் ஆண்டர்சனைப் பற்றி, மலேசியாவின் மூவாரில் நாம் வைத்த சிறு கண்காட்சி நல்லபடியாக நடந்து முடிந்தது. வந்தவர்கள் பலரும் என் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பாராட்டு உண்மையில் யார் யாருக்கு உரியதோ, அவர்களிடம் அதை ஒப்படைக்கவே இந்த மடல்.

முதலில் கான்பெராவில் இருக்கும் அக்காவுக்கு. ஆண்டர்சன் பெற்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் அங்குள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. கேட்ட வாரமே நேரில் போய்ப் பார்த்து, பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதி அனுப்பினார். வெண்கலச் சிலுவை, கருஞ்சிவப்பு நாடா, கிரீடத்தின் மேல் நிற்கும் சிங்கம், அதன் கீழே வீரத்துக்கு என்ற பொருளில் இரண்டே சொற்கள். உலகின் பெரிய ராணுவ விருதுகளில் ஒன்று, பார்ப்பதற்கு இத்தனை எளிமையாக இருக்கிறதே என்று அவர் எழுதியதைப் பலகையில் அப்படியே சேர்த்தோம்.

அடுத்து, ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற நம் ஐயாவுக்கு. மார்பில் தொங்கும் பதக்க வரிசையை எப்படிப் படிப்பது என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். பார்ப்பவரின் இடப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். உயர்ந்தது முதலில் வரும். ஆண்டர்சன் வரிசையில் விக்டோரியா கிராஸுக்கு அடுத்து மிலிட்டரி கிராஸ். அது வெள்ளிச் சிலுவை; வெள்ளை நாடாவின் நடுவே ஊதாக் கோடு. முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாங்கியது. 1897-இல் கேப் டவுனில் பிறந்து, கென்யாவில் வளர்ந்தவர் ஆண்டர்சன். 1916-இல் கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ் படையில் அதிகாரியாகச் சேர்ந்து, ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கின் படையைக் காடுகளிலும் புதர்களிலும் துரத்திச் சண்டையிட்டார். காட்டுச் சண்டையின் பாடம் அங்கேதான் கிடைத்தது. 1934-இல் மனைவியின் நாடான ஆஸ்திரேலியாவில் குடியேறி ஆடுமாடு வளர்த்துக்கொண்டிருந்தவரை, இரண்டாம் உலகப் போர் மறுபடி சீருடைக்குள் இழுத்துவந்தது. இத்தனையும் அந்த இரண்டு சிலுவைகளுக்கு இடையில் இருக்கிறது என்பதை ஐயா விளக்கியபோது, பள்ளிப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள்.

பாரிட் சூலோங் ஊரின் மலாய்ப் பெரியவருக்கு நான் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. பக்ரியிலிருந்து பாரிட் சூலோங் வரும் சாலையில் அன்று எங்கெங்கே தடுப்புகள் இருந்தன, எங்கே சதுப்பு, எங்கே ரப்பர் தோட்டம் என்று தம் தகப்பனார் சொன்னதை, வெயிலில் எங்களோடு நடந்தே காட்டினார். 1942 ஜனவரியில் 45-ஆவது இந்தியப் படைப்பிரிவும் இரண்டு ஆஸ்திரேலியப் பட்டாலியன்களும் இந்த வட்டாரத்தில் சுற்றி வளைக்கப்பட்டன. இந்தியப் பிரிவின் தளபதி பிரிகேடியர் டங்கன் சண்டையில் இறந்தார். எஞ்சியவர்கள் எல்லாரையும் தம் தலைமையில் சேர்த்துக்கொண்டு, லாரிகளில் காயம்பட்டவர்களை ஏற்றி, எதிரி பிடித்துவைத்திருந்த சாலையில் ஆண்டர்சன் பின்வாங்கினார். தடுப்புகளை உடைக்க அவரே கையெறி குண்டுடன் முன்னால் போனார். சிம்பாங் கிரி ஆற்றுப் பாலத்துக்கு வந்தால், பாலம் ஜப்பானியர் கையில். காயம்பட்டவர்களையாவது விடுங்கள் என்று ஆம்புலன்ஸ்களை அனுப்பிக் கேட்டார். மொத்தப் படையும் சரணடைந்தால்தான் என்று பதில் வந்தது. அவர் மறுத்தார். 22-ஆம் தேதி, நடக்க முடிந்தவர்களைக் காட்டுவழியே யோங் பெங் பக்கம் தப்பச் சொல்லும் நிலை வந்தது.

விட்டுவர நேர்ந்த காயக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். சுமார் 110 ஆஸ்திரேலியர், 40 இந்தியர். இதைப் பலகையில் எழுத வேண்டுமா, வீரரைப் பற்றிய கண்காட்சியில் வேண்டாமே என்று எங்களுக்குள் பேச்சு எழுந்தது. எழுதியே ஆக வேண்டும் என்று உறுதியாக நின்றவர், விருதுச் சான்றுரையைத் தமிழாக்கித் தந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா. காயம்பட்டவர்களை விட்டுப் போக ஆண்டர்சன் மறுத்தார் என்று அந்தச் சான்றுரையே சொல்கிறது. அப்படிப்பட்டவர் கடைசியில் எதைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போனார் என்று தெரியாமல் அந்தப் பதக்கத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்டார். ஐயா, நீங்கள் பிடிவாதமாக இருந்தது பெரிய உதவி.

1942 பிப்ரவரி 13-இல் விருது அறிவிக்கப்பட்டது. இரண்டே நாளில் சிங்கப்பூர் விழுந்தது; ஆண்டர்சன் போர்க்கைதியானார். பர்மாவுக்கு அனுப்பப்பட்டு, பர்மாவையும் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) இணைக்க ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை வேலையில் கைதிகளின் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கினார். நம் குடும்பங்களின் கதையும் அவர் கதையும் சேரும் இடம் இதுதான். மலாயாவின் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து லயம் லயமாக நம்மவர்களைப் பிடித்துக்கொண்டு போனது அந்த 415 கிலோமீட்டர் பாதைக்குத்தான். இறந்த போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல். இறந்த ஆசியத் தொழிலாளர்களோ சுமார் 90,000 என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கிட்டத்தட்ட 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் மக்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. விக்டோரியா கிராஸின் பின்பக்கத்தில் வீரச்செயலின் தேதியையும், நாடா தொங்கும் பட்டையின் பின்னால் வீரரின் பெயரையும் பொறிப்பது மரபு என்று படித்தபோது எனக்கு மனம் கனத்தது. ஆண்டர்சன் மேல் எனக்குள்ள மதிப்பு இதனால் குறையவில்லை. அந்தப் பாதையில் செத்தவர்களுக்கும் பெயர் இருந்தது என்பதைத்தான் இந்தக் கண்காட்சியில் சொல்ல விரும்பினேன்.

அதைச் சொல்ல வைத்தவர்கள் நீங்கள். பழைய தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து வந்து, தாத்தா, பெரியப்பா, மாமா என்று பெயர்களை எழுதிக் கொடுத்தீர்கள். சயாமிலிருந்து உயிரோடு திரும்பிய தம் தகப்பனார் கொண்டுவந்த மங்குப் பாத்திரத்தை ஒரு பாட்டி துணியில் சுற்றி எடுத்துவந்தார். எனாமல் உரிந்து, விளிம்பில் துரு ஏறிய மங்கு. அடியில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள், பாட்டியின் தகப்பனார் பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும் தொடங்கும் எழுத்துகள். அதைப் பதக்கங்களின் படத்துக்கு நேர் கீழே வைக்கச் சொன்னதும் பாட்டிதான். அதற்குமேல் நான் எந்த விளக்கப் பலகையும் எழுத வேண்டியிருக்கவில்லை.

பணம் வாங்க மறுத்த சீன அச்சகக்காரருக்கும், பந்தலிலிருந்து தேநீர் வரை பார்த்துக்கொண்ட இளைஞர்களுக்கும், கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்ட நிர்வாகத்தினருக்கும் என் வணக்கம்.

பலகைகள் அடுத்து பத்து பகாட் ஊருக்குப் போகின்றன. பெயர்ப் பலகையில் இன்னும் இடம் விட்டிருக்கிறோம். உங்கள் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். தோட்டம் மட்டும் தெரிந்தாலும் போதும்.

நன்றியுடன்,
கண்காட்சிக் குழுவின் சார்பில், சயாமுக்குப் போன ஒரு பால்மரத் (ரப்பர்) தொழிலாளியின் பேத்தி