‘யார் சொன்னது?’ என்று கேட்கும் முன் பாடல் எண்ணைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 15, கலாம் ஐயா பிறந்த நாள் நெருங்கினால் இராமேசுவரம், மண்டபம் தொடங்கி கீழக்கரை, தொண்டி வரை பள்ளிக்குப் பள்ளி வினாடி வினா நடக்கும். ‘இதைச் சொன்னவர் யார்?’ என்ற சுற்று அதில் தவறாமல் இருக்கும். சண்டை வருவதும் அந்தச் சுற்றில்தான். பிள்ளைகள்மேல் குறையில்லை. நடத்துகிறவர் கையிலுள்ள விடைத்தாளே பல நேரம் தப்பாக இருக்கிறது. கைப்பேசியில் வந்த படத்தையும் சுவர் விளம்பரத்தையும் பார்த்துக் கேள்வி எழுதுவதால் வரும் வினை இது.

அடிக்கடி தடுக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறோம். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ வள்ளுவர் வாக்கு அன்று. கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூறு 192. குறளா என்ற ஐயம் வந்தால் சீரை எண்ணினாலே போதும். குறளுக்கு முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று, அத்தோடு முடிந்தது. பூங்குன்றனார் பாட்டோ 13 அடி ஓடுகிறது. ‘மங்கையராகப் பிறப்பதற்கே’ என்றவுடன் பாரதியார் என்று எழுதிவிடுகிறார்கள். அது கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. ‘கத்தியின்றி ரத்தமின்றி’, ‘தமிழன் என்று சொல்லடா’ இரண்டும் நாமக்கல் கவிஞருடையவை. நீதி நூல் வரி எதுவானாலும் ஔவையார் தலையில் கட்டுவது இன்னொரு பழக்கம். ‘ஓதாமல் ஒருநாளும் இருக்க வேண்டாம்’ உலகநாதர் பாடிய உலகநீதி. ‘எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்’ என்பதும் ‘பிச்சை புகினும் கற்கை நன்றே’ என்பதும் அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கை. ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ மட்டும் உண்மையிலேயே ஔவையாருடையது, கொன்றைவேந்தன். ஆனால் அந்த ஔவையார் வேறு, அதியமானைப் பாடிய சங்க கால ஔவையார் வேறு.

இதைவிடச் சிக்கலானது ‘சொன்னவர்’ என்ற சொல். ‘தேரா மன்னா செப்புவது உடையேன்’ என்று பேசுபவர் கண்ணகி, எழுதியவர் இளங்கோவடிகள். இரண்டில் எது வேண்டும் என்று கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும். ‘உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே’ வரிக்கு இரண்டு வீடு உண்டு. புறநானூறு 18இல் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொல்கிறார். மணிமேகலையில் தீவதிலகை சொல்வதாகச் சாத்தனார் அதையே வைக்கிறார். எந்த விடை சொன்ன பிள்ளைக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும். அதற்கு முன்னேற்பாடு இல்லையென்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுவதே நல்லது.

முதலில் சொன்னவர், பரப்பியவர் என்ற வேறுபாடும் இருக்கிறது. ‘எழுமின், விழிமின்’ விவேகானந்தர் நாடெங்கும் பரப்பியது, மூலம் கடோபநிடதம். ‘இன்குலாப் ஜிந்தாபாத்’ முழக்கத்தை உருவாக்கியவர் மௌலானா ஹஸ்ரத் மோகானி. 1929இல் தில்லி மத்திய சட்டசபையில் முழங்கி நாடறியச் செய்தவர் பகத்சிங். வெளிநாட்டு வரிகளுக்கும் இதே கதி. ‘உன் கருத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காகப் போராடுவேன்’ என்பதை வால்டேர் எழுதவில்லை. அவரைப் பற்றி 1906இல் நூல் எழுதிய ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் என்ற பெண்மணியின் வாக்கியம் அது.

இந்தக் கரைக்கென்றே நல்ல கேள்விகள் கொட்டிக் கிடக்கும்போது இரவல் பொன்மொழி எதற்கு? ‘எல்லாரும் இன்புற்றிருக்க நினைப்பதுவே’ பாடிய தாயுமானவர் சமாதி இராமநாதபுரத்திலேயே இருக்கிறது. இருந்தும் ‘வாடிய பயிர்’ நினைவில் வள்ளலார் என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். வரியை எங்கே வெட்டுவது என்பதும் இதில் முக்கியம்: அந்தக் கண்ணியை முடிக்கும் ‘பராபரமே’ என்ற தாயுமானவரின் சொல்வரை கொடுத்தால் விடையைக் கையில் கொடுத்ததாகிவிடும். ‘சிங்களத் தீவினுக்கோர் பாலம் அமைப்போம்’ என்று பாரதியார் பாடியதைப் பாம்பன் பிள்ளைகளிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் கரையிறங்கிய விவேகானந்தர், இராமேசுவரம் கோயிலில், ஏழையிடமும் எளியவரிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவரே மெய்யாக வழிபடுகிறார் என்றார். அது ஆங்கிலப் பேச்சு. தமிழாக்கம் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லாமல் கருத்தைச் சொல்லி ஆளைக் கேட்க வேண்டும். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ கீழக்கரை வள்ளலைப் பற்றிய சொல்வழக்கு, அவர் சொன்னதன்று.

கலாம் ஐயா பெயரில் உலவும் வரிகளில்தான் மிகுந்த கவனம் வேண்டும். எந்த உரை, எந்த நாள், எந்தப் பக்கம் என்று காட்ட முடியாத எதையும் அவர் பிறந்த மண்ணில் கேட்கவே கூடாது. காட்ட முடிந்தது ஒன்று: 2007 ஏப்ரல் 25 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அவர் எடுத்தாண்ட தமிழ் வரி எது, யாருடையது? விடை மறுபடியும் பூங்குன்றனார்.

கேள்வி எழுதும் ஆசிரியர்களுக்குக் கைமுறை சில. தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்திலும் மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளத்திலும் மூலம் கிடைக்கிறது. தேடும்போது முழு வரியை அடிக்காதீர்கள். ‘இன்புற்று இருக்க’ என்று பிரித்து அடித்தால், ‘இன்புற் றிருக்க’ எனச் சீர் பிரித்து ஏற்றிய பக்கம் அகப்படாது. புணர்ச்சியில் மாறாத ஒரு சொல்லை மட்டும் அடியுங்கள். கிடைத்ததை அச்சு நூலோடு ஒப்பிட்டு, பாடல் எண், பதிப்பு, பக்கம் மூன்றையும் விடைத்தாளில் குறித்துவையுங்கள். திருமந்திரம் போன்றவற்றில் பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும் என்பதால் எண் மட்டும் போதாது. மேடையில் ஆட்சேபம் எழுந்தால் அந்தக் குறிப்புதான் காப்பாற்றும்.

விடையைத் தேர்ந்தெடுக்கக் கொடுக்கும் தெரிவுகளில் ஒரே காலத்தவரைப் போடுங்கள். வள்ளுவர், பாரதியார், கம்பர் நடுவே பூங்குன்றனாரை வைத்தால், கேள்விப்படாத பெயர்தான் விடை என்று பிள்ளை ஊகித்துவிடும். கபிலர், பிசிராந்தையார் பக்கத்தில் வைத்தால்தான் தெரிந்தவர் யாரென்று தெரியும். 20 கேள்வியில் 12 தெரிவோடும் 8 தெரிவின்றியும் இருக்கலாம்; முன்னதற்கு 15 நொடி, பின்னதற்கு 30. ஆள் பெயருக்கு 2, நூல் பெயருக்கு 1 மதிப்பெண் கொடுத்தால் சமநிலை அவ்வளவாக வராது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் நாள்தோறும் வெளியாகும் பொன்மொழியின் கீழ் ஆள் பெயர் மட்டுமே இருக்கிறது. நூல் பெயரையும் பாடல் எண்ணையும், பேச்சானால் இடத்தையும் நாளையும் சேர்த்து அச்சிடுங்கள். இங்கே பல பள்ளிகளில் அந்தப் பக்கத்தை வெட்டி ஒட்டித்தான் கேள்வி தயாரிக்கிறார்கள். அப்படிக் குறிப்பு கிடைக்காத வரியை அன்றைக்கு விட்டுவிட்டு, ஒரு குறளை எண்ணோடு போட்டால் போதும்.

இப்படிக்கு,
பள்ளி வினாடி வினாக்களுக்குக் கேள்வி எழுதும் வாசகர்கள் சிலர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்