விளக்குப் பிடித்தவளுக்கு

அம்மாடி,

நீ அனுப்பிய 14 படங்களையும் அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஜீப்பின் முன் கிரில்லில் இருந்த பள்ளத்தை எடுத்திருக்கிறாயே, அது எந்த இடம் என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. நான் பட்டி வைத்து மறைத்திருந்த இடம் அது. நீ பட்டியைச் சுரண்டி எறிந்துவிட்டு, பின்னால் மரக்கட்டை கொடுத்துத் தட்டித் தட்டித் தகட்டையே நேராக்கியிருக்கிறாய். எனக்கு அந்தப் பொறுமை என்றைக்கும் இருந்ததில்லை. வந்தவர் போனவர் எல்லாரிடமும் காட்டிவிட்டேன்.

இந்த ஜீப்புக்கு மட்டும் பானெட் ஏன் இவ்வளவு உயரம் என்று குட்டிப்பயலுக்குச் சொன்னாயா? உனக்கு நான் சொன்ன மாதிரியே சொல். 1941இல் வந்த போர்க்கால ஜீப்பில் வால்வு எல்லாம் எஞ்சினின் அடிப்பாகமான பிளாக்கிலேயே இருந்தன. 1953இல் இந்த மாடல், சிஜே-3பி, வந்தபோது எரிபொருள் கலந்த காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகளை மட்டும் மேல் மூடியான ஹெட்டுக்கு ஏற்றினார்கள். எஞ்சின் உயர்ந்துவிட்டது, அதனால் பானெட்டையும் தூக்க வேண்டியதாயிற்று. ஆறு வயதில் நீ ஃபயரிங் ஆர்டரை, நாலு சிலிண்டரும் வெடிக்கும் வரிசையை, விரல் மடக்கிச் சொல்வாய். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. பாட்டு மாதிரி.

சரி. படங்களில் வேறு சிலதும் தெரிந்தது.

ஆறாவது படத்தில் மட்கார்டுக்குப் பின்னால் கதவு திறந்திருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் சமையலறைச் சுவர். எட்டு மாதத்துக்கு முன்னால் பூச்சைக் கொத்தி எடுத்தபோது எப்படிச் செங்கல் தெரிந்ததோ அப்படியே தெரிகிறது. சிங்க் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் தாள் தொங்குகிறது. ஒன்பதாவது படத்தில், நீ தேய்த்துக் கொட்டிய பெயிண்ட் தூளுக்கு ஒரு முழம் தள்ளி, குட்டிப்பயலின் செருப்பு கிடக்கிறது. ஒற்றைச் செருப்பு.

முதலில் அந்தத் தூளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அடியில் இருக்கும் பச்சைப் பெயிண்ட் நான் அடித்ததல்ல, என் கைக்கு வரும்போதே இருந்தது. அவ்வளவு பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள். உலர்வாக உப்புத்தாள் போடாதே, தண்ணீர் தொட்டுத் தேய். தூளைத் துடைப்பத்தால் பெருக்காதே, ஈரத்துணியால் துடைத்து எடு. அந்த உடையோடு பிள்ளையைத் தூக்காதே. சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஈயம் போனால் பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது. மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கெட்டது திரும்பி வராது. சமையலறைச் சுவரில் மிச்சமிருக்கும் பழைய பெயிண்டுக்கும் இதேதான். பிரேக் டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதே. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதற்கும் ஈரத்துணிதான். பிள்ளையைத் தூக்குவதற்கு முன் உடை மாற்று. இரண்டாவது தடவை சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று, ஹேண்ட்பிரேக்கை நம்பி ஜாக்கி போடாதே. இந்த வண்டியில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸின் பின்னால், பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின் சக்கரத்தில் ஒன்றைத் தூக்கிவிட்டால், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் பல்சக்கரங்கள் வழியாக அது ஒரு பக்கம் சுழலும், தரையில் நிற்கும் சக்கரம் இன்னொரு பக்கம் உருளும். பிரேக் போட்டிருக்கிறது என்று நீ அடியில் படுத்திருப்பாய், வண்டி மெல்ல நகரும். பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் ஹேண்ட்பிரேக் என்பதே இல்லை. சக்கரத்துக்குக் கட்டை, சேசிஸுக்கு ஸ்டாண்டு. ஸ்டாண்டு இல்லாமல் தலையைக்கூட உள்ளே நீட்டாதே. பன்னிரண்டாவது படத்தில் ஜாக்கி தெரிந்தது, ஸ்டாண்டு தெரியவில்லை. படத்துக்கு வெளியே இருந்திருக்கலாம்.

வீட்டு வேலையையும் ஜீப்பையும் சேர்த்தே பார்த்துக்கொள்வேன் என்று போனில் சொன்னாய். முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டிலும் பாதி நேரம் காத்திருப்பதுதானே. புதுப் பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட்டு ஈரம் காயாமல் வைக்க வேண்டும். சிங்க்கைச் சுற்றி வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்தால் அது காய்வதற்குள் டைல்ஸ் ஒட்டக் கூடாது. குளியலறையானால் 24 மணி நேரம் தண்ணீர் கட்டிவைத்து, கீழே ஓதம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த நாட்களெல்லாம் ஜீப்புக்கு. துருப்பிடித்த போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தாயா, அந்த நேரம் வீட்டுக்கு. இப்படி மாற்றி மாற்றிச் செய்யலாம்.

நீ செய்வது அப்படி இல்லை. ஏன் என்றும் எனக்குத் தெரியும். தேய்த்துத் தேய்த்து இரும்பு வெளுப்பாய்ப் பளபளத்த பிறகு அதை விட்டுவிட்டு எழுந்து போக மனசு வராது. ஈரக்காற்று அடித்தால் மறுநாள் காலையிலேயே மேலே செம்மை படர்ந்துவிடும். அதனால் பிரைமர் அடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்வாய். பிரைமர் அடித்ததும் பக்கத்துத் தகடு கண்ணில் படும். மணி பதினொன்று. அதனால் ஒரு நாளில் எவ்வளவுக்கு பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவை மட்டும் தேய், ஒரு சாண் கூடத் தாண்டாதே. வீட்டில் தண்ணீர், கரண்ட், படி இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பிரிந்து கிடக்கும்போது ஜீப்பில் புதிதாக ஒரு நட்டைக்கூடக் கழற்றாதே. எஞ்சினில் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, அவ்வப்போது கையால் சுற்றிவிடு. கழற்றிய போல்ட்டுகளைப் பையில் போட்டு எது எதற்கு என்று எழுதிவை. நனையாமல் இருந்தால் போதும், ஜீப்புக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வருடம் ஆனாலும் நிற்கும். வீட்டுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள்.

இங்கே செய்தி நிறைய இருக்கிறது. பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்றதெல்லாம் அம்மா சொல்வாள்.

மாப்பிள்ளை நன்றாக இருக்கிறாரா? முன்பெல்லாம் நீ போன் பேசும்போது பக்கத்திலிருந்து, "மாமா, வண்டி எப்போது ஓடும்?" என்று குரல் கொடுப்பார். கடைசி மூன்று தடவையும் அந்தக் குரல் வரவில்லை. கேட்டால், "வேலையாக இருக்கிறார்" என்கிறாய். அதற்கப்புறம் மூன்று வாரமாக நீயும் பேசவில்லை, படம்தான் வருகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் வீடு, உன் விஷயம். ஆனால் கடைசியாகப் பேசியபோது பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அது சமையலறைச் சத்தம் இல்லை. நாலு பக்கமும் டைல்ஸ் ஒட்டிய சின்ன அறையில் பாத்திரம் தரையில் பட்டால் ஒரு எதிரொலி வரும். குளியலறையில் குந்தி உட்கார்ந்து கழுவுகிறார். அந்தச் சத்தத்தை நான் மூன்று வருடம் கேட்டிருக்கிறேன். கழுவியது உன் அம்மா.

இவ்வளவு புத்திமதி சொல்கிற அப்பா என்ன செய்தார் என்று நீ கேட்க மாட்டாய். கேட்கிற பிள்ளையாக நாங்கள் வளர்க்கவில்லை. ஆனால் ஒன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருப்பதும் அதனால்தான்.

அம்மாவின் கால் விஷயம்.

கொல்லைப்புறம் ஷெட்டுக்கு இறங்கும் எட்டுப் படிகளுக்குக் கைப்பிடி வைப்பதற்காக நான் குழாய் வாங்கி வைத்திருந்தேன். இரண்டு வருடம் ஷெட்டில் சாய்ந்தே கிடந்தது. பிறகு அதை வெட்டி, வளைத்து, ஜீப்பின் மேல்கூரைத் துணிக்குச் சட்டம் செய்துவிட்டேன். இப்போது உன் ஷெட்டில் இருக்கிறதே, பின்பக்கத்து இரண்டு வளைவுக் குழாய்கள், அவைதான். அந்த வாரம் ஷெட்டில் வெளிச்சம் போதவில்லை என்று படியில் இருந்த பல்பைக் கழற்றி, அந்த வயரையே நீட்டி உள்ளே இழுத்திருந்தேன். அன்று ராத்திரி நீ கையில் பிடித்திருந்தாயே விளக்கு, அது படியில் இருந்திருக்க வேண்டிய விளக்கு. உனக்கு வயது ஒன்பது. கை வலிக்கிறது என்று சொல்லாமல் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாய். அம்மா நம் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட இருட்டில் இறங்கி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தார்கள் என்று கேட்டபோது நான் சொன்னேன், "படியில் வாளி இருந்தது, தடுக்கிவிட்டது" என்று. நீ என் பக்கத்தில் நின்றாய். பாகங்களைக் கழுவ அந்த வாளியைக் கொண்டுவந்து வைத்தது நீ. நான் அதைச் சொன்னபோது உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். பார்த்தும் சும்மா இருந்தேன். அன்றைக்கு மட்டுமில்லை. அதற்குப் பிறகு நீ எந்த வீட்டுக்குப் போனாலும் படியில் கிடக்கும் செருப்பு, பை, பொம்மை எல்லாவற்றையும் எடுத்து ஓரமாக வைப்பாய். உன் கல்யாணத்தன்று கூட்டத்துக்கு நடுவில், பட்டுப்புடவையோடு குனிந்து, படியிலிருந்து யாருடைய பையையோ எடுத்து வைத்தாய். எல்லாரும் பொறுப்பான பெண் என்றார்கள். நான் அங்கிருந்து நகர்ந்து போய்விட்டேன்.

போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. "எந்த வாளி?" என்றாள். அப்புறம் யோசித்துவிட்டு, "அது மேல் படியில் ஓரமாகத்தானே இருந்தது. அதைத் தாண்டி மூணு படி இறங்கின பிறகுதான் விழுந்தேன். பிடிக்கக் கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை" என்றாள். நீ இவ்வளவு நாளாக வாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் கட்டுப்போட்டுப் படுத்திருந்த வாரத்தில் புதுக் குழாய் வாங்கிக் கைப்பிடி வைத்தேன். அரை நாள் வேலை, அம்மாடி. மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

நான் வருகிறேன். ஜீப்பைத் தொட மாட்டேன், பார்க்கச் சொன்னால் பார்ப்பேன். சுவரில் பைப்புக்குக் காடி வெட்டி, பூச்சுப் பூசி, சிங்க்கை மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவேன். பூச்சுக்குத் தண்ணீர் விடும் நாட்களில் நீ உன் ஜீப்பைப் பார், நான் குட்டிப்பயலைப் பார்த்துக்கொள்கிறேன். வேண்டுமானால் விளக்குப் பிடிக்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு. பண்ணிவிட்டு மாப்பிள்ளையிடம் கொடு. சிங்க் மேடை எவ்வளவு உயரம் வேண்டும் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். அங்கே நின்று கழுவப் போவது அவர்தானே.

அப்பா