ஐசிங் பாடத்தையும் மின்சாரப் பாடத்தையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விமானி ஆவது எப்படி என்று கல்வி இணைப்பில் நீங்கள் வெளியிடும் கட்டுரைகளை விடாமல் படிப்பவன் நான். லைசென்ஸ், மெடிக்கல், கட்டணம் எல்லாம் அதில் வருகிறது, ஆனால் பாடத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று யாரும் எழுதக் காணோம். ஹெலிகாப்டர் மின்சாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு ஹெலிகாப்டர் புதுசு இல்லை. அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானதளம் 1992ல் தொடங்கியது, கடற்படை ஹெலிகாப்டர் விமானிகளுக்கான பயிற்சிப் பள்ளியும் அங்கேதான். அந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்த சோளிங்கர், நெமிலி பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது கமர்ஷியல் லைசென்ஸுக்குப் படிக்கிறார்கள், சந்தேகம் கேட்க என்னிடமும் வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும் என்பதால் கேள்வி வங்கியை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். ஐசிங், அதாவது ஹெலிகாப்டரில் ஐஸ் கட்டும் பாடம் என்று வந்தால், "வேலூர் வெயிலில் ஐஸ் எங்கே சார் பிடிக்கப் போகுது?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.

பாதி சரிதான். நம் ஊருக்கு மேலே வெப்பம் பூஜ்யம் டிகிரிக்கு இறங்க ஏறக்குறைய 15,000 அடிக்கு மேலே போக வேண்டும், பயிற்சி ஹெலிகாப்டர் அங்கே போகாது. ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள ராபின்சன் ஆர்22 போன்ற பிஸ்டன் ஹெலிகாப்டரில் கதையே வேறு. கார்புரேட்டரின் குறுகலான கழுத்தில் காற்று விரிவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் உள்ளே வெப்பம் சடாரென்று இறங்கும். வெளியே 20 டிகிரி இருந்தாலும் காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே ஐஸ் கட்டிவிடும். மார்கழிக் காலையில் பாலாற்றங்கரையில் இருக்கும் ஈரமே போதும். இதில் மோசமான விஷயம், கவர்னர் என்ற கருவி ஆர்பிஎம்மை, அதாவது என்ஜின் சுற்றும் வேகத்தைக் குறைய விடாமல், என்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைத் தானாகவே திறந்துகொண்டே போவதால் ஐஸ் கட்டுவது விமானிக்குத் தெரியாமல் போகலாம். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட்டை எப்போது இழுப்பது என்ற விடையை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு ஏன் இழுக்கிறோம் என்று தெரியாது.

டர்பைன் ஹெலிகாப்டரில் வடகிழக்கு மலைப் பக்கமோ வெளிநாட்டிலோ வேலைக்குப் போனால் நிஜமான ஐசிங் வரும். பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாமல் மேகத்தில் மிதக்கும் நீர்த்துளிகள் மேலே சுற்றும் இறக்கையில் (ரோட்டர் பிளேடு) பட்டதும் உறைகின்றன. நுனி வேகமாகச் சுற்றிச் சூடாவதால் ஐஸ் பெரும்பாலும் இறக்கையில் நடு அச்சை ஒட்டிய பக்கத்தில்தான் சேரும். அதே வேகத்தில் பறக்க டார்க், அதாவது இறக்கையைச் சுற்றும் முறுக்கு விசை, கூடுதலாகத் தேவைப்படும். ஒரு இறக்கையில் மட்டும் ஐஸ் உதிர்ந்தால் ஹெலிகாப்டரே நடுங்கும். அந்த நேரம் பார்த்து, என்ஜினில் ஐஸ் கட்டாமல் தடுக்கும் ஆன்டி-ஐஸைப் போட்டால், பல என்ஜின்களில் அது காற்றை அழுத்தும் கம்ப்ரெஸரிலிருந்து சூடான காற்றை எடுப்பதால் கிடைக்கும் பவர் குறைகிறது, என்ஜின் சூடும் ஏறுகிறது. தேவை கூடும் நேரத்தில்தான் கையிருப்பு குறைகிறது என்பதை மாணவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரப் பாடத்திலும் இதே கணக்குதான். இறக்கைகளை மின்சாரத்தால் சூடாக்க ஏகப்பட்ட கரண்ட் வேண்டும், ஜெனரேட்டர் தாங்காது என்பதால் பகுதி பகுதியாக, சமநிலை கெடாதபடி எதிரெதிர் இறக்கைகளுக்குச் சேர்த்து மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டரான பிளாக் ஹாக்கில் இரண்டு ஜெனரேட்டரில் ஒன்று போனால், ஏபியு என்ற சின்னத் துணை என்ஜினின் ஜெனரேட்டரைச் சேர்த்தால்தான் இறக்கை ஐஸை நீக்கும் பிளேடு டீ-ஐசிங் தொடர்ந்து ஓடும். என்ஜினைக் கிளப்பவும் பிறகு கரண்ட் தரவும் ஒற்றை ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் மட்டும் உள்ள சின்ன ஹெலிகாப்டரில் அது போனால் மிச்சம் பேட்டரி மட்டும்தான். வீட்டில் கரண்ட் போனால் இன்வர்ட்டரில் கிரைண்டர் போடாமல் லைட்டும் ஃபேனும் மட்டும் வைத்துக்கொள்கிறோமே, அதுபோல லோடைக் குறைக்க வேண்டும். ஆனால் வேகத்தை அளக்கும் குழாயில் ஐஸ் கட்டாமல் சூடாக்கும் பிட்டோ ஹீட்டரை அணைத்துவிட்டால், ஐஸ் அடைத்து வேகமானி பொய் சொல்லும். அணைக்காவிட்டால் பேட்டரி சீக்கிரம் தீரும்.

அதனால்தான் என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் ஒரே கேள்வி கேட்கிறேன்: மேகத்துக்குள்ளே இருக்கிறாய், வெளியே மைனஸ் 5, ஜெனரேட்டர் போய்விட்டது என்று எச்சரிக்கை விளக்கு எரிகிறது, எதை அணைப்பாய், எதை விடுவாய், எந்தப் பக்கம் திரும்புவாய்? கேள்வி வங்கியில் அதிக மார்க் எடுக்கிறவர்கள்கூட இதற்குத் தடுமாறுகிறார்கள். ஒரு வெள்ளைத்தாளில், கரண்டைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பஸ்பாரின் (சுருக்கமாக பஸ்) படத்தைத் தானே வரைந்து, எந்த ஹீட்டர் எந்த பஸ்ஸில் தொங்குகிறது என்று குறித்துப் பார்த்தவன் மட்டும் கடகடவென்று சொல்கிறான்.

பயிற்சி நிறுவனங்கள் இந்த இரண்டு பாடத்தையும் சேர்த்து வாய்மொழித் தேர்வு வைத்தால் நல்லது. உங்கள் கல்வி இணைப்பிலும் மாதம் ஒரு சிஸ்டமாவது தமிழில் படம் போட்டு விளக்கி வெளியிடுங்கள், தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும். எழுதித்தர ஆள் வேண்டுமென்றால் நான் தயார், பணம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹெலிகாப்டர் மின்சாரப் பணியாளர்,
காட்பாடி, வேலூர்.