காலை நீட்டி உட்கார்ந்த விமான நிலையம்

தெம்பனிஸ், சிங்கப்பூர்
12.10.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் நலம். எட்டாம் மாதம் நடக்கிறது, கால் வீக்கம் குறைந்திருக்கிறது, கவலைப்படாதே. நீயும் தம்பியும் நலமா?

போன வாரம் போனில் நீ சொன்னது இன்னும் மனத்தை உறுத்துகிறது. "பேரப்பிள்ளையைத் தூக்க ஆசை மலையளவு இருக்கிறது, அந்த ஏர்போர்ட்டை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது" என்றாய். போனில் சொன்னால் பாதி காதில் விழும், மீதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை மடித்துப் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே வைத்துக்கொள். எங்கே சந்தேகம் வந்தாலும் ஓரமாக நின்று எடுத்துப் படி.

உன் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2018 பிப்ரவரியில் நான் அழுதுகொண்டே போன் செய்தேனே, அந்த ராத்திரிதான். ஒன்றாம் டெர்மினலில் ஆள் வந்து நிற்பார் என்று சொல்லி ஏஜென்ட் என்னை அனுப்பினார். விமானம் வந்து நின்றது இரண்டாம் டெர்மினலில். சொன்ன இடத்துக்குப் போகவேண்டுமே என்று இரண்டு பெட்டிகளையும் தள்ளிக்கொண்டு, ஓட்டுநர் இல்லாமல் ஓடும் அந்தச் சின்ன ரயிலில் ஏறி ஒன்றுக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. யாரோ மூன்று என்றார்கள், மூன்றுக்குப் போனேன். திரும்பவும் ஒன்று. இரவு பதினொரு மணி. நர்ஸிங் படித்தவள், நாலு பேருக்கு ஊசி போட்டவள், எந்தப் பக்கம் வாசல் என்று தெரியாமல் தூணோரம் நின்று அழுதேன்.

அப்போது தரை துடைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். இந்த ஊரிலேயே பிறந்த தமிழ்ப் பெண்மணி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "ஊருக்குப் புதிதா, அம்மா?" என்று அவர் கேட்ட குரலிலேயே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. என் கையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் இதைவிடத் தெளிவாக இந்த இடத்தை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

"பிள்ளை குளிப்பாட்ட நாம் காலை நீட்டி உட்காருவோம் அல்லவா? அப்படி நினைத்துக்கொள். உடம்பு இருக்கிறதே, அது ஒன்றாம் முனையம். நீட்டிய ஒரு கால் இரண்டு, மற்றொரு கால் மூன்று. எல்லாம் ஒரே உடம்புதான். எங்கே போனாலும் உடம்புக்குத் திரும்பி வந்துவிடலாம்."

டெர்மினலை இங்கே முனையம் என்பார்கள். தமிழ் முரசு பத்திரிகையிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நீயும் பழகிக்கொள்.

அவர் தன் கைப்பேசியைக் கொடுத்தார். என்னை அழைத்துப்போக வந்தவர் கடைசியில் எங்கே நின்றிருந்தார் தெரியுமா? நான் இறங்கி வெளியே வந்த அதே இரண்டாம் முனையத்தில், இரண்டு மணி நேரமாக. வெளியே வந்த இடத்தை விட்டு நான் நகராமல் இருந்திருந்தால் ஒரு சொட்டுக் கண்ணீர் சிந்தியிருக்க வேண்டாம். அம்மா, மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. வெளியே வந்த இடத்திலேயே நில். நாங்கள்தான் உன்னைத் தேடி வரவேண்டும், நீ எங்களைத் தேடக்கூடாது.

அந்த அம்மாவைப் பிறகு எத்தனையோ முறை தேடினேன். பார்க்கவே முடியவில்லை. ஆனால் அவர் சொன்ன படம் இப்போது முழுமையாகிவிட்டது. அன்றைக்கு மடி இருக்கும் இடத்தில் தகரம் அடைத்துக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு, 2019 ஏப்ரலில், அங்கே ஜுவல் என்று ஒரு கண்ணாடிக் கட்டடத்தைத் திறந்தார்கள். உள்ளே காடு மாதிரி மரம் செடிகள். நடுவில் கூரையிலிருந்து 40 மீட்டர் உயரத்துக்கு அருவி கொட்டுகிறது. அது பெரும்பாலும் சேமித்த மழைத் தண்ணீர். முனையங்களுக்கு இடையே ஓடும் ரயில் அந்தக் கட்டடத்துக்குள் புகுந்து போகும். ஜன்னலோரம் நின்றால் அருவி கண்ணுக்கு நேரே விழும். முதல்முறை பார்த்தபோது எனக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை. காலை நீட்டி உட்கார்ந்த தாயின் மடியில் இப்போது குழந்தை வந்துவிட்டது, தண்ணீரும் ஊற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

நாலாம் முனையம் ஒன்று உண்டு. தனிக்குடித்தனம் போன மகன் மாதிரி தள்ளி இருக்கிறது. அந்த ரயில் அங்கே போகாது, பஸ்ஸில்தான் போகவேண்டும். உனக்கு அங்கே வேலை இல்லை. ஐந்தாவது ஒன்றுக்கு இந்த மே மாதம்தான் அடிக்கல் நாட்டினார்கள். அது திறப்பதற்குள் உன் பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்.

இனி உன் பயணத்துக்கு வருகிறேன். திருச்சியில் புது டெர்மினல், தம்பி வாசல்வரை வருவான். ஸ்கூட் விமானம். ஏறி உட்கார்ந்தால் ஏறக்குறைய நாலு மணி நேரம். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வை. அந்த விமானம் வந்து நிற்பது ஒன்றாம் முனையம், அதாவது தாயின் உடம்பு. இறங்கியதும் அவசரப்படாதே. கூட வந்தவர்கள் ஓடுவார்கள், ஓடட்டும். 'அரைவல்' என்ற பலகையைத் தம்பி ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுவான், அந்த எழுத்தைக் கண்ணில் வாங்கிக்கொள். அது காட்டும் பக்கம் நட.

வழியில் நடைபாதையே நகரும். திருச்சிக் கடைகளில் நகரும் படிக்கட்டைப் பார்த்து நீ பின்வாங்கியது எனக்கு நினைவிருக்கிறது. நகரும் பாதையில் ஏறாமல் பக்கத்திலேயே நடந்து போகலாம், தடையில்லை. படிக்கட்டு வந்தால் லிஃப்டைத் தேடு, எல்லா இடத்திலும் உண்டு. ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் இப்படிச் செய். கொசுவத்தை இடது கையால் கொத்தாகப் பிடித்துக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொள். வலது கையை முதலில் கைப்பிடி ரப்பரில் வை, கை நகரத் தொடங்கும், அதோடு சேர்த்துக் காலை வை. மஞ்சள் கோட்டின்மேல் மிதிக்காதே. இறங்கும் இடத்தில் குனிந்து பார்க்காமல் நேரே பார்த்துக் காலை எடுத்து வை. இதை நான் என் மாமியாருக்கும் சொல்லிக்கொடுத்தேன், மூன்றாம் முறை அவரே ஏறிவிட்டார்.

அடுத்தது குடிநுழைவு, பாஸ்போர்ட் பார்க்கும் இடம். இயந்திரக் கதவும் உண்டு, ஆள் உட்கார்ந்த முகப்பும் உண்டு. நிற்பவர் எந்தப் பக்கம் கை காட்டுகிறாரோ அங்கே போ. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார், முகத்தையும் கண்ணையும் படம் எடுக்கும். இங்கே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, ஈமெயிலில் அனுப்புகிறார்கள். என் ஈமெயிலைத்தான் கொடுக்கப்போகிறேன். முத்திரை இல்லையே என்று பதறாதே. வருகை அட்டையை, நீ வந்து இறங்கும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாளுக்குள், நானே இங்கிருந்து நிரப்பிவிடுவேன். அதற்குக் காசே கிடையாது. ஊரில் யாராவது நிரப்பித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதே.

இப்போது உனக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். கசகசா கொண்டுவராதே. குருமாப் பொடியில் கலந்திருந்தால் அந்தப் பொடியும் வேண்டாம். நம் வீட்டில் அது சமையல் சாமான், இங்கே போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் இந்த நாட்டுக்குள் வரவே கூடாது. பழக்கதோஷத்தில் முந்தானையில் முடிந்துவைத்திருப்பாய், கிளம்பும்போது அவிழ்த்துப் பார்த்துவிட்டு வா. நல்லெண்ணெய், ஊறுகாய் எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும், கைப்பையில் வைத்தால் திருச்சியிலேயே எடுத்துவிடுவார்கள். வசம்பு கொண்டுவா.

பெட்டி எடுக்கும் கூடத்துக்கும் வெளிக்கூடத்துக்கும் நடுவே கண்ணாடிச் சுவர்தான். உன் பெட்டி சுற்றி வருவதற்குள் நீ எங்களைப் பார்த்துவிடுவாய். நான் அந்த மாம்பழ நிறச் சேலையில் நிற்பேன். தள்ளுவண்டிக்குக் காசு இல்லை, ஒன்றை எடுத்துக்கொள். கைப்பிடியை அழுத்தினால் நகரும் வண்டியும் உண்டு, அழுத்தினால் நிற்கும் வண்டியும் உண்டு. பார்த்துத் தள்ளு.

உனக்கு ஒன்று சொன்னால் நம்பமாட்டாய். இந்த ஊர் மக்கள் எங்கேயும் பயணம் போகாதபோதும் விமான நிலையத்துக்கு வருகிறார்கள். பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்து படிக்கும். ஞாயிற்றுக்கிழமை தாத்தா பாட்டியோடு சாப்பிட வருவார்கள். வந்த புதிதில் நானும் லீவு நாளில் இரண்டாம் முனையத்துக்குப் போவேன். புறப்படும் கூடத்தில் அப்போது ஒரு பெரிய பலகை இருந்தது. திரை இல்லை, சின்னச் சின்னத் தகடுகள். ஒரு விமானம் புறப்பட்டுவிட்டால் தகடுகள் எல்லாம் சடசடவென்று புரளும், கோயில் கோபுரத்திலிருந்து புறாக்கூட்டம் ஒன்றாக எழும்புமே, அந்தச் சத்தம். புரண்டு புரண்டு எழுத்துகள் நிற்கும்போது அதில் திருச்சி வருகிறதா என்று பார்ப்பேன். வந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவேன். யாரிடமும் சொன்னதில்லை. 2020-இல் அந்தப் பலகையை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு ஊரில் யாரோ போய்விட்டது மாதிரி இருந்தது.

முதல்நாள் உன்னை டாக்சியில்தான் அழைத்துவருவோம். களைப்பு தீர்ந்ததும் ரயிலில் கூட்டிப்போகிறேன். நிலையத்தின் பெயர்ப்பலகையில் 'சாங்கி விமான நிலையம்' என்று தமிழிலும் எழுதியிருக்கும். அதை நீயே எழுத்துக்கூட்டிப் படிப்பதை நான் கேட்கவேண்டும். பிறகு ஜுவலுக்குப் போய் அருவியைப் பார்ப்போம்.

நேற்று உன் மாப்பிள்ளை தேக்கா சந்தைப் பக்கம் போயிருந்தார். மரத்தில் ஒரு மணை கிடைத்ததாம், வாங்கி வந்திருக்கிறார். உயரம் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. நீ உட்கார்ந்து காலை நீட்டினால் சரியாக இருக்க எத்தனை விரற்கடை வேண்டும் என்று நம் வீட்டு மணையை அளந்து, வருகிற ஞாயிறு போனில் சொல். அதற்குத் தக்கபடி காலைக் குறைத்துத் தரும்படி கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அன்பு மகள்