தோரணத்துக்கு இலை இல்லை

சுங்கை சிப்புட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள குட்டை,

எட்டு மாதமாக எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். மூட்டுவலி அப்படியே, சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

விஷயம் உன் அம்மாவின் மாமரம். போன வெள்ளிக்கிழமை மருமகளுக்கு வளைகாப்பு. தோரணத்துக்கு இலை பறிக்க ஏணி வைத்து ஏறினேன். (சிரிக்காதே, மூன்று படிதான்.) தொட்ட கொத்திலெல்லாம் பரு! கடுகு அளவிலும் மிளகு அளவிலும் இலையின் இருபுறமும் புடைத்து நின்றன. ஒரே இலையில் நாற்பத்தேழு எண்ணினேன். கடைசியில் பூக்கடையில் காசு கொடுத்து மாவிலை வாங்கினோம். வாசலில் மாமரம் வைத்திருப்பவனுக்கு இது தேவையா?

சின்ன வயதில் ரப்பர் தோட்டத்து மாமரத்துக்கு அம்மை போட்டிருக்கிறது என்று, வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டல் வேப்பிலை கட்டினாரே, நாம் வேரில் கூழ் ஊற்றி அடி வாங்கினோமே, அதே பருதான். இந்த முறை விடவில்லை. சவர பிளேடால் ஒன்றைப் பிளந்து பேரனின் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உள்ளே சின்ன அறை. அதில் காலில்லாத வெளிர்மஞ்சள் புழு ஒன்று, எள்ளைவிடச் சிறியது, வெளிச்சம் பட்டதும் நெளிந்தது. வேறு சில பருக்களில் குண்டூசித் துளை. ஒன்றின் வாயில் உரித்துப்போட்ட கூட்டுத்தோல் நீட்டிக்கொண்டிருந்தது.

கொசுவைப் போன்ற ஈயாம். இரண்டு மில்லிமீட்டர் தேறாது. துளிர்விட்டுச் செம்புநிறத்தில் தொங்கும் இளம் இலையாகப் பார்த்து முட்டையிடுகிறது. புழு தின்னத் தொடங்கியதும் இலையே அதைச் சுற்றிச் சதை வளர்த்து வீடு கட்டிக் கொடுத்துவிடுகிறது. வாடகை கிடையாது, சாப்பாடும் சுவரிலேயே. தோட்டத்தில் நமக்கு லயம் என்று வரிசை வீடு கட்டியவர்களுக்கு இந்தத் தாராளம் வரவில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. 'ஆனைக்கொம்பன் விழுந்து வயல் போயிற்று, அதனால்தான் கப்பல் ஏறினேன்' என்பாரே உன் தாத்தா. அதைக் கேட்டு நாம் ஆற்றங்கரைப் பக்கமே போகாமல் கிடந்தோமே. குட்டை, அது யானையே இல்லை! ஈ. இந்த மாமரத்து ஈக்குப் பங்காளி. நெல்லின் தூரில் புகுந்தால் கதிர் வராது. குருத்து வெள்ளைக் குழலாக, வெங்காயத்தாள் போல, தந்தம் போல நீண்டுவிடும். அதனால் அந்தப் பெயர். அவரை ரப்பர் காட்டுக்குத் துரத்தியது கொசு அளவுள்ள ஒரு பயல். முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு ரப்பர் காட்டில் உழைத்த அவர் கை நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

இந்த ஈக்களின் குடும்பத்தில் பெயர் வைத்தவை மட்டும் 6,000-க்கு மேல். ஜாவாவில் டாக்டர்ஸ் வான் லீவன் என்ற டச்சுக்காரரும் அவர் மனைவியும் சேர்ந்து செடிகொடிகளில் பூச்சிகள் உண்டாக்கும் இத்தகைய புடைப்புகளைத் தேடித் தேடி 1926-ல் பெரிய தொகுப்பாக வெளியிட்டார்களாம். என் வீட்டில் நான் இலையைப் பிளந்தால் அவள் சமையலறைக் கதவைச் சாத்துகிறாள். மருமகளுக்கோ தன் மல்லிகைக்கும் பரவிவிடும் என்று கவலை. இது மாமரத்தைத் தவிர வேறெதையும் தொடாது என்று சொன்னால் நம்ப வேண்டுமே.

இப்போது கவலைக்கு வருகிறேன். மரம் செத்துக்கொண்டிருக்கிறது என்கிறான் என் மகன். கடைக்காரர் ஒருவர் அறுபது ரிங்கிட்டுக்கு ஒரு போத்தல் மருந்தைத் தலையில் கட்டினார். பருவுக்குள் பத்திரமாக இருக்கும் புழுவை மேலே தெளிக்கும் மருந்து என்ன செய்யும்? அந்தப் புழுவையே தின்று வளரும் குட்டிக் குளவிகள்தான் சாகும். பரு பிடித்த இலைகளை ஈ வெளியேறும் முன் பறித்து எரித்துவிட்டு, அடுத்த துளிருக்குக் காத்திருந்தால் போதும். இவ்வளவு பெரிய மரம் இதற்கெல்லாம் சாகாது. உண்மையில் அவனுக்கு வேண்டியது கார் நிறுத்த இடம். சனிக்கிழமை வெட்ட ஆள் சொல்லிவிட்டான்.

தோட்டத்தை விட்டுக் கிளம்பிய அன்று உன் அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு வந்த கொட்டை அது. உங்களுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தது, மண் கிடைக்கவில்லை. அதனால் என் வாசலில் நட்டார். 'பார்த்துக்கொள்' என்ற ஒரு சொல்தான் சொன்னார். அதை அவனிடம் சொல்ல வாயெடுத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது, அவனுக்குக் கைபேசி அடிக்கிறது.

நீ சொன்னால் கேட்பான். வெள்ளிக்கிழமை காலை ரயிலைப் பிடித்து வந்து சேர். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன், இலை பறிக்க நீ ஏறு.

உன்
நெட்டை